ஜூலையில் வந்த சிவப்பு உள்ளான்கள்

அருளுக்கு,

அடுத்த மாதம் மதுரையில் என் வலது கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள். கண்புரைதான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். நானும் பயப்படவில்லை. ஆனால் கட்டுப் பிரித்த பிறகு என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இது இன்னொருவரிடம் சொல்லி எழுத வைக்கும் கடிதம் அல்ல. அதனால் இப்போதே, பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு எழுதுகிறேன். நீ மட்டும் படிப்பதற்கு என்றால் ஓர் இன்லண்டு தாள் போதும். நீயும் உன் நண்பர்களும் வாங்கும் அந்தச் சிறு பறவை இதழுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அதே இதழில்தான், நீ ஒரு பருவம் முழுவதும் கோடியக்கரையில் எடுத்த குறிப்புகளை நம்புவதற்கில்லை என்று நான்கு வரியில் போட்டிருந்தார்கள். அந்த நான்கு வரியைப் படித்தவர்கள் எல்லோரும் இதையும் படிக்க வேண்டும். அந்தக் குறிப்புகளில் தவறு இருந்தது உண்மை. அதைச் செய்தவள் நான்.

உன்னை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நான் திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் புவியியல் கற்பித்தவள். படித்தது கன்னியர் மடத்துப் பள்ளியில். அங்கே எங்கள் சிஸ்டர், கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோல் வரி நேராக வராவிட்டால் தாளையே கிழித்துவிடுவார். அந்தப் பழக்கம் எனக்குள் எலும்புவரை இறங்கிவிட்டது. உன் அப்பா கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது காலமானார். எங்களுக்கு நீ ஒரே பிள்ளை. விலங்கியல் படித்து முடித்தாய். பக்கத்திலேயே ஒரு பள்ளியில் உனக்கு ஆசிரியர் வேலைக்குப் பேசி வைத்திருந்தேன். நீ ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோடியக்கரைக்குப் பஸ் ஏறினாய். அங்கே வலையில் விழும் பறவைகளின் காலில் எண் பொறித்த சின்ன வளையத்தை மாட்டி, எடையும் நிறமும் எழுதிக்கொண்டு, மறுபடி பறக்கவிடும் முகாமில் உனக்கு வேலை.

எதிர் வீட்டுச் சவரியம்மா அப்போதெல்லாம் என்னை வாசலில் பார்த்தால் விடமாட்டாள். "என்ன டீச்சர், தம்பி குருவி புடிக்கப் போயிருக்காமே. வறுவலுக்கா, குழம்புக்கா?" என்பாள். "புடிச்சு விட்டுருவாங்க சவரியம்மா" என்று நான் சொன்னால், "விட்டுருவாகளா? விடுறதுக்கு எதுக்குப் புடிக்கணும்? இதுக்கா டீச்சர் நீங்க அம்புட்டுப் படிக்க வச்சீக?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. என் கோபம் அவள்மேல் வரவில்லை, உன்மேல் வந்தது. பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவளை வாசற்படியில் பதில் இல்லாமல் நிற்க வைத்துவிட்டானே என்று. அது கோபம்கூட இல்லை, வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

உன் குணம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உனக்குப் பத்து வயது இருக்கும்போது, பள்ளியிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த உலக உருண்டை ஒன்று உடைந்தது. மாலையில் நான் உள்ளே வந்தபோது ஆப்பிரிக்கா ஒரு மூலையிலும் ஆசியா கட்டிலுக்கு அடியிலும் கிடந்தன. "யாரு?" என்றேன். நீ முன்னால் வந்து "நாந்தாம்மா" என்றாய். ஒரு மணி நேரம் மண்டியிட வைத்தேன். உன் அப்பா வாசலில் நின்று செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்துச் சாப்பாட்டின்போது அவரே உளறினார். "ஏலே அருளு, நான் சட்டையைக் கழட்டுறப்ப கை பட்டு விழுந்ததுன்னு இன்னுமா உங்கம்மாகிட்ட நீ சொல்லல?" நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே, "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்ப்பா" என்றாய். "நான் எப்படிடா சொல்லுவேன்? எனக்கு மண்டி போட முட்டி ஒத்துழைக்காதே" என்றார். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. தவறு செய்யாதவன் தண்டனை வாங்கியது எனக்கு உறுத்தவில்லை, என்னிடம் பொய் சொன்னதுதான் உறுத்தியது. உன்னிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் காலத்தில் வழக்கம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். வழக்கம் இருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

இனி அந்தத் தாள்களின் கதைக்கு வருகிறேன். எண்பத்து மூன்றாம் வருடம் அக்டோபரில் நீ காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாய். பஸ்ஸின் மேல்கூரையில் போட்டிருந்த உன் பை மணப்பாறை மழையில் ஊறிப்போயிருந்தது. பைக்குள் அந்தப் பருவத்துக் குறிப்புகள் முழுவதும் இருந்தன. நாளுக்கு ஒரு தாளாக, நூல் அறுந்த கட்டாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மாதக் கடைசிக்குள் அதையெல்லாம் நல்ல பிரதி எடுத்து வடக்கே உங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உனக்கோ தலையைத் தூக்க முடியவில்லை. டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள். "அம்மா, நான் ரெண்டு நாள்ல எழுந்து எழுதிர்றேன்" என்றாய். "படுடா. எழுதத் தெரிஞ்சவ நான் இருக்கேன்" என்றேன். ஒவ்வொரு தாளையும் பிரித்து, துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை லேசான சூட்டில் வைத்து உலர்த்தினேன். ஒன்பது நாள் மதியங்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நீ எழுதியிருந்த ஆங்கிலத்திலேயே, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். அந்தப் பிரதியைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன்.

எழுதிக்கொண்டு போகும்போது ஒரு தாள் வந்தது. ஜூலை இருபத்தெட்டு என்று தேதி போட்டிருந்தாய். அதில் வளைமூக்கு உள்ளான் பதினொன்று, அவற்றின் வளைய எண்கள், 'மார்பு செங்கல் சிவப்பு' என்று ஒரு குறிப்பு. வளைமூக்கு உள்ளான் எனக்குப் பெயரளவில் தெரியும். மைனாவைவிடச் சிறியது, மூக்கின் நுனி கீழே வளைந்தது, சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருவது என்று நீதான் சொல்லியிருந்தாய். பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். ஜூலையில் சைபீரியாவில் கோடைகாலம். சூரியன் மறையவே மறையாத மாதம். குளிருக்குப் பயந்து வரும் பறவை, வெயில் உச்சியில் இருக்கும்போது எதற்குப் புறப்பட வேண்டும்? முப்பத்தோரு வருடம் வடகோளத்துப் பருவங்களைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். பையன் காய்ச்சல் தொடங்கிய தலையோடு மாதத்தை மாற்றிப் போட்டுவிட்டான் என்று முடிவு செய்தேன். தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். செப்டம்பர் இருபத்தேழு இருந்தது, இருபத்தொன்பது இருந்தது, இருபத்தெட்டு இல்லை. அந்த இடம் இதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. பிரதியில் செப்டம்பர் இருபத்தெட்டு என்று எழுதினேன்.

உள்ளறையில்தான் நீ படுத்திருந்தாய். எழுந்து பத்து அடி நடந்து "ஏன்டா, இது ஜூலையா, செப்டம்பரா?" என்று கேட்டிருக்கலாம். காய்ச்சல்காரனை எழுப்ப வேண்டாம் என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரிந்ததைவிட அதிகம் என்று நம்பினேன். காய்ச்சல் இறங்கி நீ எழுந்து உட்கார்ந்ததும் பிரதியை மடியில் வைத்தேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தாய். "அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். நடுவில் ஒரு பக்கத்தைக்கூடச் சரிபார்க்கவில்லை. உன் அம்மா எழுதியது என்பதால்.

அடுத்த வருடம் நீ ஒரு கடிதம் போட்டாய். "அம்மா, அந்தப் பழைய தாள்கள் இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்" என்று. தாள்கள் இருந்தன. எதையும் எறிபவளா நான்? மடங்காமல் இருக்கட்டும் என்று என் பெரிய நிலப்படப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்க வேண்டுமாமே என்று. "என் பிரதியில் என்ன குறை கண்டாய்?" என்று ஒரே வரி பதில் எழுதினேன். தாள்களை அனுப்பவில்லை. நீ அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் பூநாரைகள் வந்திருப்பதைப் பற்றியும் மீன் மலிவாகக் கிடைப்பதைப் பற்றியும் எழுதியிருந்தாய். நானும் மறந்துவிட்டேன். உன் பெயரைக் காப்பாற்றக்கூடிய ஒரே தாள் என் அலமாரியில் மூன்று வருடம் கிடந்தது, அருள். தொலைந்து கிடக்கவில்லை. என் வீம்பினால் கிடந்தது.

எனக்கு உண்மை தெரிந்தது இந்த மே மாதம்தான். முகாமில் உன்னோடு வேலை பார்க்கும் ரஷீத், ஏதோ வேலையாகக் கொடைக்கானல் போகிற வழியில், ஒரு பொட்டலம் கருவாட்டோடு வீட்டுக்கு வந்தான். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான். "அருள் மட்டும் அந்தத் தேதிய மாத்தி எழுதாம இருந்திருந்தா, இன்னைக்கு முகாமே அவன் பொறுப்புலதாம்மா இருக்கும். இப்ப அவனுக்குப் பின்னாடி வந்த பையன்கிட்ட லீவு கேட்டு நிக்கிறான்." எந்தத் தேதி என்றேன். "செப்டம்பர் இருபத்தெட்டுன்னு போட்டு பதினோரு பறவைக்கு வளையம் மாட்டினதா எழுதிட்டாம்மா. அன்னைக்கு முகாமே மூடி. வலை போடுற காத்தையா மகளுக்குக் கல்யாணம், நாங்க எல்லாரும் பந்தியில உக்காந்திருந்தோம். அதுகூடப் பரவாயில்ல. அந்தப் பதினொண்ணுல ஒரு பறவைய நானே ஆகஸ்ட்ல வலையில எடுத்திருக்கேன், கால்ல வளையத்தோட! வளையம் மாட்டுறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே வளையத்தோட ஒரு பறவை! மேலே இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பையன் உக்காந்த எடத்துல கதை எழுதுறான்னுதானே?" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "அவன் ஒரு வார்த்தை சொல்லலம்மா. 'தேதி என் தவறு'ன்னு ஒரே வரி எழுதி அனுப்பிட்டான். நாங்க கேட்டதுக்கும் அதேதான்."

மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். நிலப்படப் புத்தகத்தைத் திறந்தேன். தாள் இருந்தது. ஜூலை இருபத்தெட்டு. அதன் கீழே நீ ஒரு வரி எழுதியிருந்தாய். பிரதி எடுக்கும்போது அதையும்தான் எழுதினேன், ஆனால் படிக்கவில்லை. எழுதுவது வேறு, படிப்பது வேறு என்று அன்று தெரிந்துகொண்டேன். 'வடக்கே போகாமல் கோடையிலும் இங்கேயே தங்கிவிட்ட சாம்பல் நிற இளம் பறவைகள் அல்ல. புதிதாக வந்தவை' என்று இருந்தது. மோரில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. ரஷீத் நல்ல பிள்ளை, குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளில் இருந்த அதே ஜூலைக் கடைசியில் வருகிறேன் என்று உனக்குத் தந்தி கொடுத்தேன். நீ கலங்கிப்போய்த் திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்துக்கே வந்து நின்றாய். "உடம்புக்கு என்னம்மா?" என்றாய். "ஒண்ணுமில்ல. சும்மா பாக்க வந்தேன்" என்றேன். "நீங்களா? சும்மாவா?" என்றாய். என்னை நன்றாக அறிந்திருக்கிறாய். அன்று மாலை கோடியக்கரையில் இறங்கியபோது மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. உன் அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் ஓர் ஆணியில் இரண்டு சட்டை. இதற்கா ஆசிரியர் வேலையை விட்டாய் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். தாள் என் கைப்பையில் இருந்தது. எப்படி எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் மூன்று நாள் வைத்திருந்தேன்.

அந்த மூன்று நாளும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அல்ல. வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து கவனிக்கும் கல்வி அதிகாரியைப்போல், குறை தேடித்தான் பார்த்தேன். விடிந்ததும் சேற்றில் முழங்கால்வரை இறங்கினாய். வலையில் மாட்டிய ஒரு சிறு பறவையை நீ எடுத்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது உன் விரலைக் கொத்திக்கொண்டே இருந்தது. நீ அவசரப்படவில்லை. முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை என்று ஒவ்வொரு கண்ணியாக விலக்கினாய், ஓர் இறகுகூட உதிரவில்லை. கலைந்த சடையில் சிக்கெடுக்கும்போது என் கை அப்படி இருந்ததில்லை என்று என் பழைய மாணவிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வளையத்தை மாட்டி எண்ணை உரக்கச் சொன்னாய். காத்தையா அதைத் திருப்பிச் சொன்னார். அதன் பிறகுதான் எழுதினாய். எழுதியதை மறுபடி படித்துக் காட்டினாய். "எதுக்கு மூணு தடவை?" என்று கேட்டேன். காத்தையா முந்திக்கொண்டார். "முன்னெல்லாம் ஒரு தடவைதாம்மா. மூணு வருசமா மூணு தடவை. தம்பி இப்ப என்னையும் வாத்தியாராக்கிருச்சு" என்றார். நீ அவரைப் பார்த்துத் தலையசைத்தாய், என்னைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறுதியானது. அது யாருடைய பிழை என்று உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை உப்பளத்து வரப்பில் தொலைநோக்கியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டாய். என் இடது கண் நல்ல கண், அதை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய சேற்றில் சாம்பல் நிறத்தில் சில பறவைகள் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்ததுபோல், மார்பெல்லாம் சிவப்பாக ஒரு கூட்டம். ஜூலை மாதம், தலைக்குமேல் வெயில். அவை சைபீரியாவிலிருந்து வந்திருந்தன. "இம்புட்டுச் சீக்கிரமாவா?" என்றேன். "அங்க கோடை ரொம்பக் குட்டிம்மா. ஆண் பறவைக எல்லாம் பெட்டை முட்டை வச்சதுமே கெளம்பிரும். அதான் இதுக" என்றாய். "அடைகாக்குறது?" "பெட்டைதான்." "குஞ்சு வளக்குறது?" "அதுவும் பெட்டைதான்." "நல்ல பொழப்பு" என்றேன். காத்தையா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா, என்ன, இவுகளுக்கு வரப்பு, எங்களுக்கு டீக்கடை" என்றார். நீயும் சிரித்தாய். பிறகு, தாய்ப் பறவைகளும் புறப்பட்ட பின்னால் குஞ்சுகள் தனியாகக் கிளம்பும் என்றும், வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் அதே கடலோரத்துக்கு வந்து சேரும் என்றும் சொன்னாய். "யாரும் சொல்லித் தராமயா?" என்றேன். "சொல்லித் தர ஆளே இருக்காதும்மா" என்றாய். இதை நீ எனக்குக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பறவையைப் பற்றிச் சொன்னாய். உனக்குக் குத்திக்காட்டத் தெரியாது, அது நம் வீட்டில் என் ஒருத்தியின் திறமை.

குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தனைம்மா சிவப்பு?" என்று கேட்டாய். நான் எண்ணினேன். காற்றில் அவை இடம் மாறிக்கொண்டே இருந்தன, இரண்டு முறை தடுமாறி மறுபடி தொடங்கினேன். "இருபத்தி மூணு" என்றேன். நீ இருபத்து மூன்று என்று எழுதினாய். "நீ ஒரு தடவை எண்ணிப் பாரு" என்றேன். "நீங்க எண்ணினா சரியாத்தாம்மா இருக்கும்" என்றாய். என் எழுத்தால் பெயர் கெட்டவன், மற்றவர்களை எல்லாம் மூன்று முறை கேட்டு எழுதுகிறவன், என் வாய்ச்சொல்லை ஒரே முறையில் எழுதிக்கொண்டான். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கைப்பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினேன்.

நீ அதை வாங்கிப் பார்த்தாய். அதன் ஓரங்களை விரலால் தடவினாய். பிறகு "நல்லா இஸ்திரி போட்டிருக்கீங்கம்மா" என்றாய். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏலே, ஏன்டா சொல்லல? எங்கம்மா எழுதினதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றேன். "படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது நாந்தானேம்மா." "தாளையாவது வந்து வாங்கிட்டுப் போயிருக்கலாமில்ல?" "போயிருக்கலாம். வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தத் தொறந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருமே" என்றாய். "தெரிஞ்சா என்ன?" என்று கேட்டேன். நீ தாளை மடிக்காமல் குறிப்பேட்டுக்குள் வைத்து, "இருக்கட்டும்மா, அது முடிஞ்சு போச்சு" என்று எழுந்துகொண்டாய். எதற்குப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் தனியாக இருக்கும் ஒரு பெண், தன் வாழ்நாளில் மெச்சிக்கொள்ள வைத்திருப்பதே பிழையில்லாமல் எழுதுவதுதான், அதை அவளிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று பார்த்தாய். என் மகனே, அவ்வளவு பெரிய சொத்து அல்ல அது. உன் பெயருக்கு முன்னால் அது ஒன்றுமே அல்ல.

ஆகவே என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். நான் ஊர் திரும்பும் நாளன்று அந்தத் தாளை உன்னிடம் திரும்பக் கேட்டேன், நினைவிருக்கிறதா? சண்டை போட்டுத்தான் வாங்கினேன். வந்த மறுநாளே அதைப் பதிவுத் தபாலில் உங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். கூடவே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். தேதியை மாற்றியது யார், ஏன் மாற்றினாள், அசல் தாள் கேட்கப்பட்டபோது எப்படி மறுத்தாள் என்று ஒன்றையும் பூசி மெழுகாமல் எழுதினேன். வளைய எண்களை வரிசைப்படி பார்த்தால் ஜூலையில்தான் பொருந்தும், ரஷீத் ஆகஸ்டில் எடுத்த பறவைக்கும் கணக்கு நேராகும் என்றும் எழுதினேன். அவர்கள் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதாமலும் போகலாம். போன பதவி திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைக் கேட்டு எழுதவும் இல்லை, அதைக் கேட்பது உன் வேலை.

இந்தக் கடிதத்தை மட்டும் உன்னைக் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். முன்பு பத்து அடி நடந்து கேட்காதவள், இப்போது முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கேட்கிறேன். இதழின் ஆசிரியருக்கு, உன் சம்மதம் வந்தால்தான் என் பிரதி வரும் என்று எழுதிவிட்டேன். நீ "வேண்டாம்மா, எதுக்கு" என்பாய். அதற்கும் பதில் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறர் செய்ததை உன் தலையில் போட்டுக்கொள்வது பெருந்தன்மை என்று நினைக்கிறாய். உன் அப்பாவிடம் இருந்து வந்தது இல்லை அது, அவர் மூன்று நாளைக்குமேல் தாங்கமாட்டார். ஆனால் நீ வாயை மூடிக்கொண்டால் கெடுவது உன் பெயர் மட்டும் இல்லை. ஜூலையிலேயே அந்தப் பறவைகள் வந்துவிடுகின்றன என்பதும் சேர்ந்து பொய்யாகிப்போகிறது. அதை ஒளித்துவைக்க உனக்கு உரிமை இல்லை. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் தவறு செய்தால் மன்னித்துவிடு, ஆனால் அது அவர்களுடையது என்று அவர்களிடம் சொல். சொல்லாவிட்டால் என்னைப்போல் கிழவியான பிறகு தெரிந்துகொள்வார்கள். அப்போது வலி கூடுதல்.

சவரியம்மா போன வாரம் மறுபடி கேட்டாள். "தம்பி இன்னமும் குருவிதான் புடிக்குதா டீச்சர்?" நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, சேற்றில் நின்ற அந்தச் சிவப்பு மார்புகளைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஆம்பளைக்குருவிகளுக்கு வெக்கமே இல்லையா?" என்றாள். அந்த ஒன்று மட்டும்தான் அவள் மனதில் நின்றது. போகட்டும். நான் வெட்கம் இல்லாமல் பேசினேன். என் மகன் என்ன செய்கிறான் என்பதற்கு முதல்முறையாக என்னிடம் பதில் இருந்தது.

எனக்குக் கண் சரியாகிவிட்டால் அடுத்த ஜூலையில் வருகிறேன். ஆகாவிட்டாலும் வருகிறேன். நீ இதைப் படித்துவிட்டு எங்கே மிகையாகச் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றுகிறதோ அங்கே அடித்துக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். கீழே இருப்பதை மட்டும் தொடாதே, அதற்கு எனக்குத் தெளிவான சாட்சி இருக்கிறது.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலை இருபத்தெட்டாம் தேதி, கோடியக்கரைச் சேற்றில், செங்கல் சிவப்பு மார்போடு பதினொரு வளைமூக்கு உள்ளான்கள் வந்திருந்தன. நீ பார்த்தாய், அன்றே எழுதினாய். நீ எழுதியது சரி.

அம்மா
திண்டுக்கல்